கோபுரம் சொல்வதும் விமானி திருப்பிச் சொல்வதும்

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு வடகிழக்கே ஃப்ளோரல் பார்க் என்றொரு ஊர் இருக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில், இறங்க வரும் விமானங்கள் அந்த ஊரின் கூரைகளுக்கு மேலே சுமார் 2,000 அடி உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அங்கே குடியிருந்தபோதுதான், விமானிகளின் பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனர் என்ற ரேடியோவை முதல்முறையாக வாங்கினேன். தலைக்கு மேலே போகிறவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஐந்து நிமிடம் காதைக் கொடுத்துவிட்டு, "என்னடா இது, வடை பொரியிற சத்தத்துக்கு நடுவுல யாரோ ஏலம் போடுற மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

பேச்சின் வேகம், அமெரிக்க உச்சரிப்பு, இரைச்சல் இவைதான் காரணம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆன்டெனா வாங்கினேன். சத்தம் தெளிவானது, அர்த்தம் தெளிவாகவில்லை. பிறகுதான் விளங்கியது: இந்தப் பேச்சைக் காதால் மட்டும் கேட்டால் பிடிபடாது. அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எழும்பூர் ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். அந்த எதிரொலியில் ஒரு வார்த்தைகூட ஒழுங்காகக் கேட்காது. ஆனாலும் நம் வண்டி எத்தனையாவது நடைமேடைக்கு வருகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி எண், கிளம்பிய ஊர், போகும் ஊர், நடைமேடை என்ற வரிசை நமக்கு மனப்பாடம். காலி இடங்களை மட்டும் காது நிரப்பிக்கொள்கிறது. விமானியும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதும் இதே வழியில்தான். இந்த எதிர்பார்ப்பு காதுக்கு உதவுவது போலவே சமயத்தில் காதை ஏமாற்றியும் விடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கருவி. விமானப் பேச்சு நடப்பது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில். ஸ்கேனர் அவற்றில் நாம் பதிந்துவைத்த எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். கென்னடியில் 119.1 ஓடுபாதையைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம், 121.9 தரைக் கட்டுப்பாடு. 121.5 உலகம் முழுவதும் அவசரத்துக்கென ஒதுக்கிய எண். இவை வழக்கமான எஃப்எம் முறையில் இல்லாமல் பழைய ஏஎம் முறையிலேயே இன்னமும் இயங்குகின்றன. ஏன் மாற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை அடியோடு விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி 'கீ...' என்று ஒரு கூச்சல் கிளம்பும். காதுக்கு நாராசம்தான். ஆனால் ஏதோ ஒன்று தவறிப்போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உடனே யாராவது ஒருவர் "பிளாக்ட்" என்பார், பேசியவர்கள் மறுபடி பேசுவார்கள்.

இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவும் கட்டடங்களும் மறைத்தால் அவ்வளவுதான். 35,000 அடியில் பறக்கும் விமானம் 200 கடல் மைலுக்கு அப்பாலிருந்து பேசினாலும் வீட்டுக்குள் கணீரென்று கேட்கும். எட்டு மைல் தள்ளியிருக்கும் கோபுரம் கேட்காது. புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சலித்துப்போகிறார்கள். "பதில் மட்டும் வருது, கேள்வியே வரலையே" என்பார்கள்.

உண்மையில் அந்தப் பதிலே போதும். ஓட்டலில் சர்வர் நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வாரே, "ரெண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு ரவா, அப்புறம் ரெண்டு காபி" என்று? பக்கத்து மேஜைக்காரர் நாம் ஆர்டர் கொடுத்ததைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டால் போதும், நாம் என்ன சாப்பிடப்போகிறோம் என்று தெரிந்துவிடும். விமானியும் தனக்குக் கொடுத்த முக்கியமான உத்தரவுகளை, உயரம், திசை, ஓடுபாதை, 'இங்கே நில்' என்பதையெல்லாம், எண் பிசகாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோலர் அதைக் கேட்டு, தவறு இருந்தால் திருத்த வேண்டும். ரீட்பேக் என்று இதற்குப் பெயர். உரையாடலின் பாதிதான் கேட்கிறது என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பாதிக்குள் மற்றப் பாதியும் இருக்கிறது.

சரி, அந்தப் பேச்சின் வரிசை என்ன? முதலில் யாரைக் கூப்பிடுகிறோம், அப்புறம் யார் பேசுகிறோம், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். முதல் தொடர்பில் விமானி இந்த நான்கையும் சொல்வார். அதன்பிறகு கன்ட்ரோலர் ஒவ்வொரு உத்தரவையும் விமானத்தின் அழைப்புப் பெயரில் தொடங்குவார். விமானி பெரும்பாலும் தன் பெயரில் முடிப்பார். ஆக, வாக்கியத்தின் தலையில் பெயர் இருந்தால் கன்ட்ரோலர், வாலில் இருந்தால் விமானி என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். எப்போதும் பலிக்காது, ஆனால் ஆரம்பத்தில் கைகொடுக்கும்.

இந்தப் பெயர்கள் தனி உலகம். பிரிட்டிஷ் ஏர்வேஸை அந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை, 'ஸ்பீட்பேர்ட்' என்பார்கள். சைனா ஏர்லைன்ஸ் 'டைனஸ்டி', அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் 'ஷாம்ராக்', ரிபப்ளிக் ஏர்வேஸ் 'பிரிக்யார்ட்'. நம் இண்டிகோவுக்கு 'ஐஃப்ளை'. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தை ஒலிப்பதிவில் 'காக்டஸ்' என்று அழைப்பதைக் கேட்டுப் பலர் குழம்பினார்கள். அந்த நிறுவனம் அமெரிக்கா வெஸ்ட் என்ற பாலைவனப் பிரதேச நிறுவனத்தோடு இணைந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெயருக்குப் பின்னால் ஃப்ளைட் நம்பர் வரும். பெரிய விமானமாக இருந்தால் கடைசியில் 'ஹெவி' என்றொரு சொல். ஏ380 என்றால் 'சூப்பர்'. இது பெருமைக்காகச் சொல்வது அல்ல. கனமான விமானம் தன் பின்னால் சுழல்காற்றை விட்டுச்செல்லும், அதில் சிறிய விமானம் சிக்கினால் புரண்டுவிடும். பின்னால் வருகிறவருக்கும் இடைவெளி விடவேண்டிய கன்ட்ரோலருக்கும் அது ஒரு நினைவூட்டல்.

எண்களில் ஒரு வித்தியாசம் காதில் படும். தனி இலக்கமாக வரும்போது 'நைன்' என்று சொல்ல மாட்டார்கள், 'நைனர்' என்பார்கள். ஃபைவ், நைன் இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரே 'ஐ' ஓசை. இரைச்சலில் முன்னும் பின்னும் அடிபட்டால் எது எதுவென்று தெரியாது. அதனால் ஒன்றுக்கு வால் சேர்த்தார்கள். விதிப்படி மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்'. நடைமுறையில் நைனர் மட்டும்தான் நிலைத்திருக்கிறது, மற்ற இரண்டையும் அமெரிக்காவில் அதிகம் கேட்க முடியாது. உலக விதி எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறது. அமெரிக்கர்கள் ஃப்ளைட் நம்பரை மட்டும் 'ஒன் செவன்டி நைன்' என்று சேர்த்துச் சொல்வார்கள். நாம் வீட்டு விலாசம் சொல்வது மாதிரி.

இனி, என் கூரைக்கு மேலே தினமும் கேட்ட மாதிரி ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

"ஸ்பீட்பேர்ட் ஒன் செவன்டி நைன் ஹெவி, ஃபைவ் மைல்ஸ் ஃப்ரம் த மார்க்கர், டர்ன் லெஃப்ட் ஹெடிங் டூ ஃபைவ் ஜீரோ, மெயின்டெய்ன் டூ தௌசண்ட் அன்டில் எஸ்டாப்ளிஷ்ட், கிளியர்ட் ஐஎல்எஸ் ரன்வே டூ டூ லெஃப்ட் அப்ரோச்."

ஒரே மூச்சில், ஏழெட்டு விநாடியில் சொல்லி முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது நான்கே விஷயம், எப்போதும் இதே வரிசையில்: நீ எங்கே இருக்கிறாய், எந்தப் பக்கம் திரும்பு, எந்த உயரத்தில் இரு, எதற்கு அனுமதி. பயிற்சி பெறும் விமானிகளே இந்த நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து மனப்பாடம் செய்கிறார்கள்.

முதலாவது, இடம். ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் காற்றில் குறித்துவைத்த ஒரு புள்ளியிலிருந்து நீ இவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்ற தகவல். இதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, எனவே ரீட்பேக்கில் இருக்காது.

இரண்டாவது, திசை. 360 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. 250 என்றால் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்த திசை. ஏன் குறிப்பாக 250? ஓடுபாதையின் பெயரிலேயே விடை இருக்கிறது. 22 என்பது அந்த ஓடுபாதை காந்தத் திசைகாட்டியில் ஏறத்தாழ 220 பாகையை நோக்கிக் கிடக்கிறது என்பதன் சுருக்கம். கடைசி பூஜ்யத்தை உதிர்த்துவிடுவார்கள். அதே ஓடுபாதையை எதிர்முனையிலிருந்து பார்த்தால் 180 கழித்து 4. சென்னை மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை 07-25 என்பதும் இதே கணக்குதான். கென்னடியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் இரண்டு இருப்பதால் லெஃப்ட், ரைட். ஆக 220 நோக்கிக் கிடக்கும் கோட்டுக்கு 250இல் போய்ச் சேர்ந்தால் முப்பது பாகைக்குள் அடங்கிய சாய்வில் மெல்ல இணையலாம், பிரதான சாலையில் பக்கச் சாலை வந்து சேர்வது போல. இதைப் புரிந்துகொண்ட பிறகு, எண் சரியாகக் கேட்காதபோதும் அது 250ஆகவோ 190ஆகவோ தான் இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. விமானம் அட்லாண்டிக் பக்கமிருந்து வந்தால் 250, நகரத்தின் பக்கமிருந்து வந்தால் 190.

மூன்றாவது, உயரம். ஐஎல்எஸ் என்பது ஓடுபாதையிலிருந்து வானத்தை நோக்கி அனுப்பும் இரண்டு ரேடியோக் கற்றைகள். ஒன்று இடது வலது காட்டும், மற்றது மேல் கீழ் காட்டும். அந்தக் கற்றையைப் பிடிக்கும் வரை 2,000 அடிக்குக் கீழே இறங்காதே என்று பொருள். இந்த நிபந்தனையைச் சேர்க்காமல் விட்டால், அனுமதி கிடைத்துவிட்டதே என்று விமானி முன்பே இறங்கத் தொடங்கலாம்.

நான்காவது, அனுமதி. இதில் ஒரு நுணுக்கம்: 'கிளியர்ட் அப்ரோச்' என்றால் நெருங்கி வரத்தான் அனுமதி, தரை தொட அனுமதி இல்லை. அதைக் கொடுப்பவர் வேறு ஆள், வேறு இடத்தில் இருப்பவர். இந்த வாக்கியத்தைச் சொன்னவர் லாங் ஐலண்டில் வெஸ்ட்பரி என்ற இடத்தில் ஜன்னலே இல்லாத அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடுத்து, "கான்டாக்ட் கென்னடி டவர் ஒன் ஒன் நைனர் பாயின்ட் ஒன்" என்பார். அங்கே போன பிறகுதான், ஜன்னல் வழியே ஓடுபாதையைக் கண்ணால் பார்க்கும் ஒருவரிடமிருந்து 'கிளியர்ட் டு லேண்ட்' கிடைக்கும்.

இப்படிக் கைமாறுவதுதான் கேட்பவரைக் குழப்பும் இன்னொரு விஷயம். சற்று முன்புவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று மறைந்துவிடுவார். அவர் மறையவில்லை, அடுத்த அலைவரிசைக்குப் போய்விட்டார். புறப்படும்போது பாதைக்கான அனுமதி கொடுப்பவர் ஒருவர், தரையில் வழிகாட்டுபவர் ஒருவர், ஓடுபாதைக்கு ஒருவர், ஏறும்போது ஒருவர், மேலே போனதும் ரான்கான்கமாவில் இருக்கும் நியூயார்க் சென்டர். ஒரே விமானத்தைத் தொடர்ந்து கேட்க விரும்பினால், ஒவ்வொரு முறையும் கடைசியில் சொல்லும் எண்ணைப் பிடித்து ஸ்கேனரை அதற்கு மாற்ற வேண்டும். இங்கே 'கான்டாக்ட்' வேறு, 'மானிட்டர்' வேறு. கான்டாக்ட் என்றால் அங்கே போய்க் கூப்பிடு. மானிட்டர் என்றால் அங்கே போய் வாயை மூடிக்கொண்டு காத்திரு, அவர்களே கூப்பிடுவார்கள். புறப்பாட்டு வரிசையில் முப்பது விமானம் நிற்கும் மாலை நேரத்தில் முப்பது பேரும் 'வந்துட்டேன்' என்று அறிவித்தால் என்ன ஆகும்?

முதல் கட்டமான பாதை அனுமதியில் முன்பெல்லாம் நிறையப் பேச்சு இருக்கும். இப்போது அதில் பெரும்பகுதி எழுத்துச் செய்தியாக நேரே காக்பிட்டுக்குப் போய்விடுகிறது. கேட்கிறவர்களுக்கு அது நஷ்டம்தான். அதில் வரும் 'ஸ்குவாக்' என்ற சொல் மட்டும் எல்லா இடத்திலும் அடிபடும்: ரேடார் திரையில் இந்த விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான், எனவே மொத்தம் 4,096. அவற்றில் மூன்றை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்: கடத்தலுக்கு 7500, ரேடியோ பழுதுக்கு 7600, அவசர நிலைக்கு 7700.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை, நேராகக் கோபுரத்துக்குப் போகாதீர்கள். ஏடிஐஎஸ் என்று ஒரு பதிவு செய்த ஒலிபரப்பு இருக்கிறது. காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பம், அழுத்தம், எந்த ஓடுபாதை என்று ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறையாவது புதுப்பித்து, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று அடுத்த எழுத்தைப் பெயராக வைப்பார்கள். விமானி "வித் இன்ஃபர்மேஷன் கிலோ" என்றால், அந்தப் பதிப்பைக் கேட்டுவிட்டேன், வானிலையை மறுபடி சொல்லத் தேவையில்லை என்று பொருள். இரண்டு நாள் இதைக் கேட்டால் எண்களின் ஓசையும் வரிசையும் காதுக்குப் பழகிவிடும். இன்று எந்த ஓடுபாதை என்பதும் தெரிந்துவிடும். அது தெரிந்தால் பாதி எதிர்பார்ப்பு தயார்.

ஊரில் இருப்பவர்கள் உடனே கேட்பார்கள், சென்னையில் இதைக் கேட்கலாமா என்று. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் விமானப் பேச்சைக் கேட்பதற்குத் தடை இல்லை. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, தனக்காக அனுப்பப்படாத ரேடியோச் செய்தியை வேண்டுமென்றே கேட்பதே குற்றம். இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் சட்டம், உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் ஸ்கேனரைப் போட்டுக்கொண்டு வந்து மீனம்பாக்கத்து வேலியோரம் நிற்பது நல்ல யோசனை இல்லை.

சொற்களுக்கு வருவோம். நம் ஊர்ப் பேருந்தில் நடத்துநர் "போலாம் ரைட்" என்றால் வண்டி கிளம்பலாம், "ஓல்டான்" என்றால் நிற்க வேண்டும். அந்த இரண்டு சொல்லையும் அவர் வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார். விமானப் பேச்சிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வேலை. 'ராஜர்' என்றால் 'சரி, செய்கிறேன்' என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை, 'நீ சொன்னது முழுதும் காதில் விழுந்தது' என்பது மட்டுமே. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. ஆம் என்பதற்கு 'அஃபர்ம்'. முடியாது என்பதற்கு 'அனேபிள்', இதைச் சொல்ல விமானிக்கு முழு உரிமை உண்டு. 'ஸ்டாண்ட்பை' என்றால் பொறு. அது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. ஓடுபாதைக்குள் வந்து நில், ஆனால் கிளம்பாதே என்பதற்கு 'லைன் அப் அண்ட் வெயிட்'. அமெரிக்காவில் நெடுங்காலம் 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்று சொல்லி வந்தார்கள். 2010 செப்டம்பர் 30 முதல் உலக வழக்குக்கு மாறினார்கள்.

'டேக்ஆஃப்' என்ற சொல்லைக் கவனித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் கேட்டாலும், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ கொடுத்ததை ரத்து செய்யும்போதோ தவிர அந்தச் சொல் வரவே வராது. மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் 583 உயிர்கள் இருக்கின்றன.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. லாஸ் ரோடியோஸ் நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. பான் ஆம் 747 ஒன்று அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் துணை விமானி, வானில் ஏறிய பிறகு எப்படிப் போக வேண்டும் என்ற பாதை அனுமதியைத் திருப்பிச் சொன்னார். கடைசியில், "வீ ஆர் நௌ அட் டேக்ஆஃப்" என்று சேர்த்தார். கிளம்பும் இடத்தில் இருக்கிறோம் என்றும் கொள்ளலாம், கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். கோபுரம் "ஓகே" என்றது. கொஞ்சம் இடைவெளி. பிறகு, "ஸ்டாண்ட்பை ஃபார் டேக்ஆஃப், ஐ வில் கால் யூ". அதே நொடியில் பதறிப்போன பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். இரண்டு பேச்சும் அலைவரிசையில் மோதின. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே". பின்னால் வந்தவை மேலே சொன்ன அந்தக் 'கீ' ஒலியில் மூழ்கின. பனி மூட்டத்தில் கடைசி நொடிகள் வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு விமானங்களும் ஓடுபாதையிலேயே மோதின.

மொழியே பிரச்சினையான விபத்துகளும் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜக் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜக் விமானத்தில் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசியது விமானத்தை ஓட்டியவர் அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஊழியர். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், சர்வதேச விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் குறைந்தபட்ச ஆங்கிலப் பேச்சுத் திறன் கட்டாயம் என்ற விதி வந்து, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

கென்னடியிலேயே ஒரு சம்பவம், நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2023 ஜனவரி 13 இரவு. லண்டன் போகும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 777 ஒன்றுக்கு, கிலோ என்ற இணைப்புப் பாதை வழியாக 31 லெஃப்ட் ஓடுபாதையைக் கடக்க உத்தரவு. விமானமோ ஜூலியட் வழியாகப் போய், 4 லெஃப்ட் ஓடுபாதையைக் கடந்தது. அதே ஓடுபாதையில் டெல்டாவின் 737 வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. "டெல்டா நைன்டீன் ஃபார்ட்டி த்ரீ, கேன்சல் டேக்ஆஃப் கிளியரன்ஸ்!" என்று கன்ட்ரோலர் இரண்டு முறை கத்துவது ஒலிப்பதிவில் இருக்கிறது. டெல்டா நின்றது. நான் சொல்ல வந்தது வேறு. 'டேக்ஆஃப்' என்ற சொல்லை ரத்து செய்வதற்கும் பயன்படுத்தலாம் என்றேனே, ஏன் அந்த விதிவிலக்கு என்பது இந்தப் பதிவைக் கேட்டால் புரியும். அந்த வேகத்தில், அந்தச் சத்தத்தில், விமானியின் காது தேடிக்கொண்டிருக்கும் ஒரே சொல் அதுதான்.

இப்படிப்பட்ட நேரங்களில் குரல் உயர்வது அபூர்வம். பெரும்பாலும் கன்ட்ரோலரின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்து, நிதானமாகிவிடும். ஸ்கேனரில் அவசரத்தைத் தெரிந்துகொள்ள 'மேடே' என்ற அபாய அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. "சே சோல்ஸ் ஆன் போர்ட் அண்ட் ஃப்யூயல் ரிமெய்னிங்" என்று கேட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எத்தனை உயிர்கள், எவ்வளவு எரிபொருள்: தீயணைப்பு வண்டிகளுக்குச் சொல்ல வேண்டிய தகவல். பயணிகள் என்று கேட்பதில்லை, உயிர்கள் என்றுதான் கேட்கிறார்கள், குழந்தையும் பணியாளரும் விட்டுப்போகக் கூடாதே.

எதிர்பார்ப்பு காதை ஏமாற்றும் என்று முன்பே சொன்னேன். அதற்கு நான் அறிந்த மிகக் கசப்பான உதாரணம், ஃப்ளோரல் பார்க் வழியாக அந்த 22 லெஃப்ட் ஓடுபாதைக்கு இறங்க வந்த ஒரு விமானம்தான்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் அவியான்கா நிறுவனத்தின் போயிங் 707, ஃப்ளைட் நம்பர் 52. நியூயார்க்கில் மோசமான வானிலை. வழியில் மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்தார்கள், மொத்தம் 77 நிமிடம். மூன்றாவது இடத்தில், எங்களுக்கு முன்னுரிமை வேண்டும், இன்னும் ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும், மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போக எரிபொருள் போதாது என்று துணை விமானி சொன்னார். 'பிரையாரிட்டி' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். 'எமர்ஜென்சி' என்றோ 'மேடே' என்றோ சொல்லவில்லை. கன்ட்ரோலரைக் கட்டாயப்படுத்தும் சொற்கள் அவைதான். அடுத்த கன்ட்ரோலருக்குக் கைமாறும்போது அந்தத் தகவலின் முக்கியமான பகுதி போய்ச்சேரவில்லை. மற்ற எல்லா விமானத்தையும் போல வரிசையில் நின்று இறங்க வந்தது. காற்று அலைக்கழித்ததில் ஓடுபாதை கண்ணில் படாமல் மறுபடி மேலே ஏறியது.

கேப்டன் ஸ்பானிஷில், நமக்கு எமர்ஜென்சி என்று சொல் என்றார். கோபுரம் அப்போதுதான் 180 திசைக்குத் திரும்பச் சொல்லியிருந்தது. துணை விமானி சொன்னதன் சாரம் இது: 180 திசைக்குத் திரும்புகிறோம், மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. கோபுரம் "ஓகே" என்றது.

அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். அது ஒரு ரீட்பேக். கன்ட்ரோலரின் காது எதிர்பார்த்தது திசை எண்ணை, அது சரியாகவே வந்தது. கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த நாலைந்து சொற்கள், அன்றிரவு எரிபொருள் குறைவாக வைத்திருந்த எல்லா விமானிகளும் சொல்லக்கூடியவை. சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றார் துணை விமானி. இருவருமே பொய் சொல்லவில்லை.

ரேடார் கன்ட்ரோலர், உங்களைப் பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் சரிப்படுமா என்று கேட்டார். "ஐ கெஸ் ஸோ, தேங்க் யூ வெரி மச்" என்பது பதில். சில நிமிடங்களில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு போய்விட்டன, முன்னுரிமை வேண்டும் என்று அப்போதும் அதே சொல்லால்தான் கேட்டார்கள். ஓய்ஸ்டர் பே பக்கம் கோவ் நெக் என்ற இடத்தில் குன்றின் சரிவில் விமானம் விழுந்தது. எரிய எரிபொருள் மிச்சமில்லாததால் தீப்பிடிக்கவில்லை. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இன்று எரிபொருளுக்கென்றே இரண்டு தனிச் சொற்றொடர்களை சர்வதேச விதிகள் வைத்திருக்கின்றன. 'மினிமம் ஃப்யூயல்' என்றால் இனி தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை மட்டும். அதற்காக யாரும் வழிவிட மாட்டார்கள். 'மேடே ஃப்யூயல்' என்றால் எல்லோரும் விலகியாக வேண்டும். ஸ்கேனரில் முதலாவதைச் சில முறை கேட்டிருக்கிறேன். கேட்ட ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் வெறும் "ராஜர்" என்று விடவில்லை. எத்தனை நிமிடம் என்று எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.